போகர் போன சீனம்

பழனிக் குன்றின் மேல், தென்மேற்குத் திருச்சுற்றில், போகர் சமாதி என்று மக்கள் சொல்லும் இடம் ஒன்று உண்டு. முடி இறக்கி, காவடி சுமந்து, படியேறிக் களைத்து வருவோர் அங்கும் ஒரு கணம் நிற்கின்றனர். நிற்போரிடம் சொல்லப்படும் கதை இது: போகர் என்னும் சித்தர் ஒன்பது வகை நஞ்சுகளைக் கூட்டி, நவபாடாணம் எனும் கலவையால் கருவறைச் சிலையைச் செய்தார். அவர் சீனத்திற்குப் போய் வந்தவர். இல்லை, சீனத்திலிருந்தே வந்தவர். அவருடைய ஆசான் காலாங்கிநாதர் சீனத்திலே அடங்கினார். போகர் அங்கே போய்ச் சீனர் ஒருவரின் உடலில் புகுந்தார். லாவோ ட்சு என்று சீனர் போற்றும் பெரியாரே நம் போகர்தாம்!

கதை கேட்கும் தோழர்களில் சிலர் நகைக்கின்றனர். சிலர் பெருமையால் நெஞ்சு நிமிர்த்துகின்றனர். நாம் இரண்டும் செய்யாமல், கதையைச் சற்றுக் கையில் எடுத்துப் பார்ப்போம். பொய்யான கதை கூட ஒரு சமுதாயத்தைப் பற்றி மெய்யான செய்தி சொல்லும். கேட்கத் தெரிய வேண்டும், அவ்வளவே.

முதலில் காலக் கணக்கு. போகர் ஏழாயிரம் என்று பெயர் பெற்ற பாடல் தொகுதி இன்று நம் கையில் இருக்கும் வடிவில், அதன் தமிழ் சங்கத் தமிழும் அன்று, தேவாரத் தமிழும் அன்று. பேச்சு வழக்கு கலந்த, அண்மை நூற்றாண்டுகளின் தமிழ். லாவோ ட்சுவோ, கன்பூசியசின் காலத்தவராக, அதாவது கி.மு. ஆறாம் நூற்றாண்டை ஒட்டியவராகச் சொல்லப்படுபவர். அவர் இருந்தாரா என்பதே வழக்கு. கி.மு. 100 அளவில் சீன வரலாறு எழுதிய சிமா சியென் கூட அவரைப் பற்றித் திட்டமாகச் சொல்ல இயலாமல், இவரா அவரா என்று இரண்டு மூன்று பெயர்களைச் சொல்லித் தடுமாறுகிறார். இருந்தாரா என்று தெரியாத ஒருவரை, எப்போது இருந்தார் என்று தெரியாத இன்னொருவருடன் பிணைத்துவிட்டு வரலாறு என்கின்றனர்.

இந்த விளையாட்டில் நாம் தனியாக இல்லை. சீனத்துத் தாவோ நெறியினர் ஏறத்தாழ கி.பி. 300 அளவில் ஒரு நூல் கட்டினர். லாவோ ட்சு மேற்கே சென்று, இந்திய மண்ணில் புத்தராகி, அயலாரைத் திருத்தினார் என்பது அதன் கதை. புத்த சமயம் வளர்வதைப் பொறாதவர்கள், புத்தரே எங்கள் ஆளின் மறுவடிவம் என்றனர்! நம் ஊரில் புத்தரை ஒன்பதாம் அவதாரம் ஆக்கியவர்களுக்கு அங்கும் உறவினர் இருந்தனர் போலும். இந்தச் சண்டை சில நூற்றாண்டுகள் நடந்தது. இறுதியில் மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கான், 1281-இல், அந்நூலையும் அதுபோன்ற தாவோ நூல்களையும் எரிக்க ஆணையிட்டார்.

அதே 1281-ஆம் ஆண்டு சித்திரை மாதம் நாளிட்ட தமிழ்க் கல்வெட்டு ஒன்று தென்சீனத் துறைமுகமாகிய சுவான்சௌவில் கிடைத்திருக்கிறது. தமிழ் வணிகர் அங்கே சிவன் கோயில் எழுப்பி, கானின் ஆணையால், கானின் உடல் நலத்துக்காகத் திருவுருவை எழுந்தருளச் செய்ததாக அது கூறுகிறது. ஒரே அரசு, ஒரே ஆண்டு: ஒரு சமயத்தின் நூல்களுக்கு நெருப்பு, இன்னொரு சமயத்தின் கோயிலுக்கு இசைவு! சீனத்தில் சமயம் சமுதாயத்தில் எங்கே நின்றது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் வேண்டுமா? அரியணைதான் உயரம். தெய்வங்கள் அதற்குக் கீழே.

சீனப் பொதுமக்களின் வழிபாட்டில் கடவுளர் அரசு அலுவலர் போன்றவர். ஊருக்கு ஒரு நகரத் தெய்வம்; அது அந்த ஊர் ஆட்சியாளருக்கு மறு உலகத்து இணை. அரசர் தெய்வத்துக்குப் பட்டம் சூட்டுவார்; பதவி உயர்வு தருவார்; பதவி இறக்கவும் செய்வார். மழை பொய்த்தால், தெய்வச் சிலையைத் தூக்கி வெயிலில் வைத்து, நீயும் கொஞ்சம் காய்ந்து பார் என்று விட்டுவிடும் வழக்கமும் இருந்தது. அடுப்படித் தெய்வம் ஒன்று வீட்டிலிருந்து, ஆண்டு முடிவில் மேலுலகம் போய் வீட்டாரின் நன்மை தீமைகளை அறிக்கை செய்யும். போகுமுன் அதன் வாயில் தேனோ பிசுபிசுப்பான இனிப்போ தடவுவர். இனிமையாகப் பேசட்டும் என்பது ஒரு கருத்து. வாயே திறக்க முடியாமல் ஒட்டிக்கொள்ளட்டும் என்பது மறு கருத்து. கையூட்டு வாங்கும் அலுவலரைக் கண்ட மக்கள், வானத்தையும் அதே அச்சில் வார்த்தனர். நம் நாட்டில் சிலர் கோயிலை அரண்மனையாகவும் கடவுளைப் பள்ளியெழுச்சி கேட்கும் குறுநில மன்னராகவும் வார்த்தது போலத்தான்!

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பகுத்தறிவு இளைஞர் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். சீனத்தில் பிறப்பால் வரும் புரோகிதச் சாதி என்று நாடு முழுதும் ஒன்று எழவில்லை. முன்னோர்க்குப் படைக்கும் சடங்கைக் குடும்பத் தலைவரே செய்தார். மரப்பலகையில் எழுதிய முன்னோர் பெயருக்கு முன்னே விளக்கேற்றி, சோறு வைத்து, வணங்கி எழுவார். இடையே தரகர் இல்லை. திருமணமும் அப்படியே. வானையும் நிலத்தையும் வணங்கி, முன்னோரை வணங்கி, பெற்றோரை வணங்கினால் மணம் முடிந்தது. மந்திரம் ஓதி அதைச் செல்லுபடியாக்கும் புரோகிதர் தேவையில்லை. நாம் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு வாங்க, 1967-இல் அண்ணா முதலமைச்சராக வரும் வரை காத்திருந்தோம்.

இதைப் படித்துவிட்டுச் சீனம் பகுத்தறிவுப் பூங்கா என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. புரோகிதர் இல்லாத அந்த மணத்தில் பெண்ணின் பாதம் கட்டி ஒடுக்கப்பட்டிருந்தது. தந்தைக்கும் கணவனுக்கும் மகனுக்கும் அடங்கி நடப்பதே அவள் அறம் என்று கன்பூசிய நெறி வகுத்தது. மனுவின் கட்டளையை நினைவூட்டுகிறதல்லவா? புரோகிதர் வெளியேறிய வீட்டிலே தந்தையே புரோகிதராகி உட்காரலாம். குழந்தை மணமும் காமக்கிழத்தி முறையும் நீங்க 1950-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் வர வேண்டியிருந்தது.

அந்த மண்ணிலும் கேள்வி கேட்டவர் இருந்தனர் என்பதே நமக்குப் பெருமகிழ்ச்சி. வாங் சோங் என்பவர் கி.பி. முதல் நூற்றாண்டினர், ஏழைக் குடும்பம், புத்தகக் கடையில் நின்றபடியே படித்து அறிவு பெற்றவர் என்பர். இறந்தவரெல்லாம் பேயாவது உண்மையானால், உலகம் தோன்றிய நாள் முதல் இறந்தவர் தொகைக்கு, தெருவில் காலடி வைக்கக் கூட இடமிராதே என்று கேட்டார் அவர். பேயைக் கண்டேன் என்பவர் அதை ஆடையுடன் கண்டதாகச் சொல்கிறாரே, மனிதனுக்கு ஆவி உண்டு என்றே வைத்துக்கொள்வோம், வேட்டிக்கும் சட்டைக்குமா ஆவி உண்டு என்றார். கேள்வியின் கூர்மை இன்றும் மழுங்கவில்லை.

பான் சென் என்றொருவர், ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில், உயிர் உடலுக்கு எப்படியோ கூர்மை கத்திக்கு அப்படி என்று வாதிட்டார். கத்தி போனபின் கூர்மை மட்டும் எங்கே நிற்கும்? கருத்தைக் கைவிட்டால் உயர் பதவி கிடைக்குமே என்று ஆசை காட்டியபோது, கருத்தை விற்றுப் பதவி வாங்குவதாயின் இதற்குள் தலைமை அமைச்சரே ஆகியிருப்பேன் என்று சிரித்தாராம். கி.பி. 507-இல் லியாங் அரசர் வூ, புத்த சமயத்தில் ஆழ்ந்த பற்றுடையவர், அவையோரை எல்லாம் பான் சென்னுக்கு மறுப்பு எழுதச் சொன்னார். அறுபதுக்கும் மேற்பட்டோர் எழுதினர். ஒருவர் எதிரே அறுபது பேர்! அத்தனை பேர் எழுதியும், பான் சென் பின்வாங்கவில்லை.

இந்த லியாங் வூ யார் தெரியுமா? காஞ்சியிலிருந்து போனதாகச் சொல்லப்படும் போதிதருமரை எதிர்கொண்டு பேசியதாகப் பழங்கதை கூறும் அதே அரசர்தாம். 2011-இல் ஒரு திரைப்படம் வந்தபின், போதிதருமர் பெயர் சொல்லி மார் தட்டும் இளைஞரை ஊர்தோறும் காண்கிறோம். அவரைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று, கி.பி. 547 அளவினது, அவரைப் பாரசீகப் பக்கத்தவர் என்கிறது. இன்னொன்று தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறது. சீனர்க்கு மற்போர் கற்பித்தவர் அவரே என்ற செய்தியோ பதினேழாம் நூற்றாண்டில் எழுந்தது. போதிதருமர் பெயரைப் பச்சை குத்திக்கொள்ளும் தம்பிகள், அதே அரசரை எதிர்த்து நின்ற பான் சென் பெயரையும் ஒருமுறை உச்சரித்துப் பார்க்கலாம்.

இனி நஞ்சுக்கு வருவோம். பழனிக் கதையின் உயிர்நிலை அதில்தான் இருக்கிறது. தாவோ நெறியினருக்கு இறவாமை மீது தீராத வேட்கை. நம் சித்தர் சாதிலிங்கம் என்று அழைக்கும் செந்நிறக் கனிமத்தைச் சுட்டால் பாதரசம் வெளிப்படும். பாதரசத்தைக் கந்தகத்தோடு சேர்த்தால் மீண்டும் செந்நிறம். செத்துப் பிழைக்கும் பொருள் என்று மயங்கினர். கி.பி. 320 அளவில் கோ ஹுங் என்பவர் இத்தகைய மருந்து முறைகளை நூலாகவே எழுதினார். விளைவு? தாங் அரசர் பலர் சாவா மருந்து உண்டே செத்தனர். அவருள் வூசோங் என்பவர் கதை நகைப்புக்கும் இரக்கத்துக்கும் உரியது. 845-இல் அவர் புத்த மடங்கள் மீது பாய்ந்தார். 4,600-க்கு மேற்பட்ட மடங்கள் மூடப்பட்டன. 2,60,500 துறவியர் இல்வாழ்வோராக்கப்பட்டு வரிப் பட்டியலில் ஏற்றப்பட்டனர். மூடநம்பிக்கையை ஒழித்த மாவீரர் என்று கைதட்ட வேண்டா. அடுத்த ஆண்டே அவர் தாவோக்காரர் கொடுத்த சாவா மருந்தால் நலிந்து இறந்தார். ஒரு புரோகிதரை விரட்டியது இன்னொரு புரோகிதரின் சொல் கேட்டுத்தான்!

எனினும் அந்த வீண் தேடலில் ஒரு கனி விழுந்தது. சாவா மருந்து தேடியவர்களின் கலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டு அளவில், வெடிமருந்து பிறந்தது. நோக்கம் மூடத்தனம், கைவேலையோ அறிவு. நம் சித்த மருத்துவத்தின் நிலையும் இதுவே. படிகாரத்துக்குச் சீனக்காரம் என்ற பெயர் இன்றும் நாட்டு மருந்துக் கடைகளில் வழங்குகிறது. பட்டாசுக்குச் சீனவெடி என்ற பெயரும் உண்டு. சீனி, சீனச்சட்டி என்று அடுப்படி வரை அந்தச் சொல் வந்திருக்கிறது. போகர் என்ற ஒருவர் வானில் பறந்து போகாமலே, சரக்குகளும் செய்முறைகளும் கப்பலில் வந்தன. நூற்றாண்டுக் கணக்கில் வந்துபோன வணிகரையும் மருத்துவரையும் கம்மியரையும் ஒரே மனிதராக உருக்கி வார்த்துப் போகர் என்று பெயரிட்டது மக்கள் நினைவு. இது நம் கருத்து. ஏற்பதும் மறுப்பதும் படிப்போர் உரிமை.

போக்குவரத்துக்குச் சான்று குறைவில்லை. சீனத்து ஹான் வரலாறு, ஹுவாங்சி என்னும் நாட்டுக்குத் தங்கமும் பட்டும் கொண்டுபோய் முத்தும் பளிங்கும் அரிய கற்களும் வாங்கிவந்ததைச் சொல்கிறது. அந்நாடு காஞ்சியே என்பர் ஆய்வாளர் பலர். பல்லவர் இராசசிம்மர் சீனப் பேரரசரின் பெயரால் கோயில் எழுப்பி, கி.பி. 720-இல் அதற்குப் பெயர்ப்பலகை வேண்டினார் என்று சீனக் குறிப்பு கூறுகிறது. 1077-இல் சோழநாட்டிலிருந்து 72 பேர் அடங்கிய தூது சீனம் சென்றது. நாகப்பட்டினத்தில் மக்கள் சீனக்கோபுரம் என்று அழைத்த செங்கற் கட்டடம் 1867 வரை நின்றது; அதை இடித்தவர்கள் இன்னொரு சமயத்துத் துறவியர், இசைவு தந்தது ஆங்கில அரசு.

இலங்கையில் காலி நகரில் 1911-இல் கிடைத்த கல் இன்னும் சுவையானது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ நிறுத்தியது. 1409 என்று நாளிட்டது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழி. சீன வரிகளில் புத்தருக்குக் காணிக்கை. தமிழ் வரிகளில் தெவிநுவரைத் திருமாலுக்கு. பாரசீக வரிகளில் அல்லாவுக்கு. பொன்னும் வெள்ளியும் பட்டும் மூவர்க்கும் ஏறத்தாழ ஒரே அளவு! தலைவரோ இசுலாமியக் குடும்பத்தில் பிறந்தவர். இத்தனை சமரசம் காட்டியவர் 1411-இல் உள்ளூர்த் தலைவர் அழகக்கோனாரைப் போரில் பிடித்துச் சீனத்துக்கே கொண்டு போனார். சமயச் சமரசம் எப்போதும் அருளால் மட்டும் வருவதன்று. சில வேளை அது கப்பலின் முன்னே கட்டிய கொடி.

பழனி மலைக்கே திரும்புவோம். சீனத்திலிருந்து ஒரு மாயவர் வந்துதான் இங்கே கல்லும் கனிமமும் கலக்கக் கற்பித்தார் என்று எண்ணத் தேவையில்லை. பழனிக்கு அண்மையில் உள்ள பொருந்தலில் 2009 முதல் நடந்த அகழாய்வில், தாழியில் நெல்லும், பிராமி எழுத்துப் பொறித்த தாங்கியும், ஆயிரக்கணக்கான கண்ணாடி மணிகளும் கிடைத்தன. அந்நெல்லின் காலம் ஆய்வில் கி.மு. 490 எனக் கணிக்கப்பட்டது. பழனியின் பழம்பெயர் பொதினி. அதைப் பாடும் அகநானூற்று முதற்பாட்டிலேயே, சாணைக்கல்லை அரக்கோடு சேர்த்துப் பிணைக்கும் கைவினைஞர் வருகிறார். கண்ணாடி உருக்கவும் கல்லைப் பிசினால் ஒட்டவும் தெரிந்த மக்கள் இக்குன்றின் அடியிலேயே வாழ்ந்தனர். மேலே தாண்டிக்குடிப் பக்கம் போனால், பலகைக் கற்களால் கட்டிய பழங்காலக் கல்லறைகள் இன்றும் உண்டு. இறந்த முன்னோரைத் தாமே அடக்கி, தாமே படைத்து வணங்கிய மக்கள். வடமொழி மந்திரமும் தட்சணையும் அறியாதவர்.

போகரையும் அந்தக் கைவினைக் குடியினராகவே கதை நினைக்கிறது. பொற்கொல்லர் என்பாரும் குயவர் என்பாரும் உண்டு. அவருக்குப் பின் மாணவர் புலிப்பாணியும் அவர் வழியினரும் பூசை செய்தனர் என்பது கோயில் மரபு. பிறகு என்ன ஆயிற்று? 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கரின் தளவாய் இராமப்பையர் பழனிக்கு வந்தார். பண்டாரத்தின் கையால் திருநீறு வாங்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. பிராமணக் குருக்களை அழைத்து வந்து கருவறையை அவர்களிடம் ஒப்படைத்தார். பண்டாரத்துக்கு வேறு சில மரியாதைகளைக் கொடுத்து அனுப்பிவிட்டார். இதைச் சொல்வது நாம் அல்லோம். பழனி மரபே சொல்கிறது. செய்தவர் கைவினைஞர், பூசித்தவர் பண்டாரம், தொடும் உரிமையோ ஒரு படைத்தலைவரின் ஒரு நாள் அருவருப்பால் கைமாறியது! பிறகு அதுவே ஆகமம், அதுவே தொன்மை, அதுவே மாற்றக் கூடாத வழக்கம் என்று வழக்குமன்றத்தில் பேசப்பட்டது.

சிலையின் பெயரால் நடந்தவை இன்னும் உண்டு. ஒன்பது நஞ்சு எவை என்னும் பட்டியல் நூலுக்கு நூல் மாறுகிறது; ஆயினும் அதில் வழிந்த நீர் எல்லா நோயும் தீர்க்கும் என்று நம்பிக்கை. சிலை தேய்ந்ததென்று 2004-இல் ஐம்பொன் சிலை ஒன்றைக் கொண்டு வந்து வைத்து, சில மாதங்களில் எடுத்துவிட்டனர். அது செய்ததில் முறைகேடு என்று 2018-இல் வழக்கும் கைதும் வந்தன. போகர் பெயரோடு இணைத்துச் சொல்லப்படும் பஞ்சாமிர்தம் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதில் நமக்கு வழக்கில்லை; நல்ல வாழைப்பழம் யார் மலையில் விளைந்தாலும் இனிக்கும்.

சீனரும் கோயிலோடு மோதினர். 1898-இல் சாங் சிதோங் என்னும் ஆளுநர், கோயில்களில் பத்துக்கு ஏழைப் பள்ளிக்கூடமாக்கலாம் என்று எழுதினார். புரட்சிக்காரர் அல்லர் அவர், அரசரின் அலுவலர்! 1919-இல் மாணவர் எழுச்சி கன்பூசியத் தளைகளைச் சாடியது. 1928-இல் நான்சிங் அரசு, எந்தத் தெய்வம் இருக்கலாம், எது போகலாம் என்று பட்டியலே வெளியிட்டது. 1966-இல் செங்காவலர் சிலைகளை உடைத்தனர், நூல்களை எரித்தனர், முதியோரைத் தெருவில் இழுத்தனர். பத்தாண்டு கழிந்தபின் கோயில்கள் மீண்டும் திறந்தன. ஊதுவத்திப் புகை முன்னிலும் அடர்ந்தது. தடியால் அடித்து விரட்டிய நம்பிக்கை தடி ஓய்ந்ததும் திரும்பிவிட்டது. பெரியார் பிள்ளையார் பொம்மையை 1953-இல் தம் கையால், தம் பொறுப்பில், முன்னறிவித்து உடைத்தார். கூடவே மேடைதோறும் காரணம் சொன்னார். அரசாணையோடு வந்த கும்பல் உடைத்ததற்கும் இதற்கும் உள்ள தொலைவு பெரிது.

நம் வழி சட்டத்தின் வழியாகப் போனது, மெதுவாகவே போனது. 1970-இல் கலைஞர் ஆட்சி அர்ச்சகர் பதவியில் பரம்பரை உரிமையை நீக்கிச் சட்டம் செய்தது. 1972-இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது. ஆனால் ஆகமத்தை வாசலில் நிறுத்தியது. 2006-இல் அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்ற ஆணை. 2007-இல் ஆறு இடங்களில் பயிற்சிப் பள்ளி, அவற்றில் ஒன்று இதே பழனியில். இருநூறுக்கு மேற்பட்டோர் படித்து முடித்துவிட்டு வேலைக்குக் காத்துக் கிடந்தனர். 2015-இல் மீண்டும் ஆகமம் பேசியது நீதிமன்றம். 2021 ஆகஸ்டு 14-இல்தான் அவர்களுள் 24 பேர் கையில் பணி ஆணை வந்தது. கடவுள் இல்லை என்னும் நாம் கருவறை வேலைக்கு ஏன் போராட வேண்டும் என்று கேட்போர் உண்டு. கிணற்று நீர் நமக்கு வேண்டா என்பது வேறு. நீ தொட்டால் கிணறு தீட்டு என்று ஒருவர் சொல்ல விடுவது வேறு.

2024 ஆகஸ்டில் அறநிலையத் துறையே பழனியில் முத்தமிழ் முருகன் மாநாடு நடத்தியது. நம் தோழர்கள் சிலர் முகம் சுளித்தனர், நாமும் சுளித்தோம். ஆனால் அதே ஆண்டு சனவரி 30-இல் வந்த தீர்ப்பு அதனினும் நம்மைச் சிந்திக்க வைத்தது. பழனிக் கோயிலில் இந்து அல்லாதார் கொடிமரத்தைக் கடக்கக் கூடாது என்று பலகை வைக்கும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. இத்தெய்வத்தை நம்புகிறேன் என்று உறுதிமொழி எழுதிக் கொடுப்போர் மட்டும் போகலாம்.

கதை சொல்வது போல் சிலை செய்தவர் சீனரே ஆயின், அவர் இன்று படியேறி வந்தால், கொடிமரத்தடியில் ஒரு தாளையும் எழுதுகோலையும் நீட்டுவர். சமயம் என்ற இடத்தில் அவர் என்ன எழுதுவார்? அவர் ஊர்க்காரர் காலையில் முன்னோர் பலகைக்கு வணங்கி, நோய் வந்தால் தாவோ கோயிலுக்குப் போய், சாவு வீட்டுக்குப் புத்தத் துறவியை அழைத்து, பிள்ளைக்குக் கன்பூசியஸ் நூலைக் கையில் கொடுத்து, நூற்றாண்டுக் கணக்கில் வாழ்ந்தவர்கள். ஒரு கட்டத்துக்குள் ஒரு சொல் எழுதச் சொன்னால், எழுதுகோலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சிலை எப்படி இருக்கிறது, தேய்ந்துவிட்டதாமே என்று வாசலில் இருப்பவரிடம் கேட்பார்.